அமெரிக்காவில் சொந்தத் துப்பாக்கியை ஆன்லைனில் விற்பது: பணம் பெறுவதும் அனுப்பிவைப்பதும் – முழுமையான வழிகாட்டி

விளம்பரம் போடுவதிலும் விலை பேசுவதிலும் யாருக்கும் பெரிய சிக்கல் வருவதில்லை. "சரி, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று வாங்குபவர் எழுதிய பிறகு வரும் பத்து நாட்களில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. நான் டெக்சாஸில் இருக்கிறேன். என்னுடைய வேட்டை ரைஃபிள்கள், ஒரு ஷாட்கன், இரண்டு கைத்துப்பாக்கிகள் என்று சிலவற்றை வெளிமாநிலத்தாருக்கு விற்றிருக்கிறேன். எங்கள் சுடும் பயிற்சி ரேஞ்சுக்கு வரும் நண்பர்கள் சிலர் முதன்முறை விற்றபோது கூடவே இருந்தும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது வரிசையில்தான். டீலரின் உரிமம் முதலில், பணம் அடுத்து, துப்பாக்கி கடைசியில். இதில் ஒன்றை முன்பின்னாக மாற்றினாலும் மாட்டிக்கொள்வது விற்பவர்தான்.

கீழே இருப்பது கூட்டாட்சிச் சட்டத்தை ஒட்டியது. மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், சட்டமும் நிறுவன விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு விற்பனைக்கும் முன்னால் புதிதாகப் பாருங்கள். சைலன்சர், குட்டைக் குழல் ரைஃபிள் போன்றவை 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனிப் பதிவு வேண்டியவை. இந்த வழிகாட்டியில் உள்ள எதையும் அவற்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

## 1. விளம்பரத்துக்கு முன்னால்

முதல் கேள்வி: விற்பது உங்கள் சொந்தச் சேகரிப்பிலிருந்தா? வேண்டாததை அவ்வப்போது விற்பதற்கு உரிமம் தேவையில்லை. லாபத்துக்காகத் திரும்பத் திரும்ப வாங்கி விற்றால் அது வியாபாரம், அதற்கு டீலர் உரிமம் வேண்டும். "மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் போட்டு விற்கலாம்" என்று யோசனை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, எது துப்பாக்கி என்பது. சட்டத்தின் கண்ணில் சீரியல் எண் பொறித்த ரிசீவர் அல்லது ஃபிரேம், அதாவது மற்ற பாகங்கள் பொருந்தும் உடற்பகுதிதான் துப்பாக்கி. குழலோ டிரிக்கரோ இல்லாத வெறும் ரிசீவராக இருந்தாலும் அது டீலர் வழியாகத்தான் போக வேண்டும். "இது வெறும் பார்ட்ஸ்தானே" என்று சாதாரணப் பார்சலாக அனுப்பக் கிளம்பிய ஒருவரை நானே தடுத்திருக்கிறேன். மறுபுறம், தனிக் குழல், ஸ்டாக் (தோளில் அணைக்கும் கட்டை), ஸ்கோப் ஆகியவை கூட்டாட்சிச் சட்டத்தில் துப்பாக்கி அல்ல.

மூன்றாவது, படங்கள். சீரியல் எண், குழலின் வாய், போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்) முகம், ஸ்டாக்கில் உள்ள கீறல்கள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சீரியல் எண்ணை மறைத்துக்கொள்ளலாம். உங்கள் கோப்பில் அது தெளிவாக இருக்க வேண்டும். பின்னால் "வரும்போதே உடைந்திருந்தது" என்று பேச்சு வந்தால் உங்களிடம் இருக்கும் சாட்சி அந்தப் படங்கள்தான்.

## 2. வாங்குபவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தில் வசிக்கும் உரிமம் இல்லாத இன்னொருவருக்கு நேரடியாகத் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது. வாங்குபவரின் மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற டீலருக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே அவர், டீலரிடம் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவம் 4473-ஐ நிரப்பி, நிக்ஸ் எனப்படும் பின்னணிச் சோதனையில் தேறிய பிறகு கையில் வாங்குவார். "நான் உங்கள் ஊருக்கே காரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று வெளிமாநிலக்காரர் சொன்னாலும் சட்டம் மாறாது.

ஒரே மாநிலத்துக்குள் என்றால் பல மாநிலங்களில் நேரில் கொடுக்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், கொலராடோ, வாஷிங்டன் போன்றவற்றில் அதற்கும் டீலர் வேண்டும். டெக்சாஸில் கட்டாயமில்லை. இருந்தாலும் முன்பின் தெரியாதவருக்கு விற்கும்போது நான் டீலர் கடையில் வைத்துத்தான் கொடுக்கிறேன். துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை உள்ளவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ விற்றால் குற்றம் விற்பவர் மேலும் விழும். வாங்குபவரின் பின்னணியை என்னால் பார்க்க முடியாது, டீலரால் முடியும்.

நம்மவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எச்-1பி, மாணவர் விசா போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அந்த வேட்டை உரிமம் காலாவதியானால், வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகிவிடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எனவே ரேஞ்சில் பழகிய நண்பர், ஒரே ஊர்க்காரர் என்ற உரிமையில் "நீங்களே நேரில் கொடுத்துவிடுங்களேன் அண்ணா" என்று கேட்டால், விசாவைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவருடைய எதிர்காலத்தையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறீர்கள்.

பணம் அனுப்புபவரும் 4473 நிரப்புபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பது என் விதி. "பணம் நான் அனுப்புகிறேன், படிவத்தை என் நண்பர் நிரப்புவார்" என்று வந்தால் விற்காதீர்கள். தனக்காக இன்னொருவரை வைத்து வாங்குவது 2022 முதல் 15 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய தனிக் குற்றம்.

## 3. பணம் வரும் முன் எழுதி முடிக்க வேண்டியவை

வாய்ப்பேச்சு போதாது, மின்னஞ்சலில் எழுதுங்கள். அனுப்பும் செலவு யாருடையது, துப்பாக்கியை வாங்குபவர் பெயருக்கு மாற்றித் தர டீலர் வாங்கும் கட்டணம் யாருடையது, டீலர் கடையில் பார்த்துச் சொல்ல எத்தனை நாள் அவகாசம் என்று மூன்றும் அதில் இருக்கட்டும்.

நான் மூன்று நாள் தருகிறேன். சுடாமல் பார்க்க வேண்டும், 4473 நிரப்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். காரணம் எளியது: அவர் பெயருக்கு மாறிய பிறகு அது அவருடைய துப்பாக்கி. அதைத் திரும்ப அனுப்ப வேண்டுமானால் முழுச் சடங்கையும் மறுபடி தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

பலரும் எழுத மறப்பது நான்காவது விஷயம்: பின்னணிச் சோதனையில் அவர் மறுக்கப்பட்டால் திரும்பும் செலவு யாருடையது? வாங்குபவருடையது என்று எழுதிவையுங்கள். நல்ல வாங்குபவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

## 4. டீலரின் உரிமத்தைச் சரிபார்ப்பது

இந்தப் படியில் பத்து நிமிடம் செலவழித்தால் போதும், மொத்த மோசடியில் பாதி நின்றுவிடும்.

வாங்குபவர் தன் ஊர் டீலரிடம் சொல்லி, கையொப்பமிட்ட உரிமப் பிரதியை உங்களுக்கு அனுப்பச் சொல்வார். அதை அப்படியே நம்பி முகவரி எழுதக் கூடாது. துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்-இன் இணையதளத்தில் உரிமத்தைச் சோதிக்கும் 'இஸி செக்' பக்கம் இருக்கிறது. உரிம எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்தால் உரிமதாரரின் பெயர், கடை முகவரி, காலாவதி நாள் வந்துவிடும். உங்கள் கையில் உள்ள பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெட்டி போக வேண்டியது ஏடிஎஃப் காட்டும் முகவரிக்கு மட்டும்தான்.

உண்மையான டீலரின் உரிமப் பிரதியில் முகவரியையோ தொலைபேசி எண்ணையோ மாற்றி அனுப்புவது பழைய தந்திரம். அதனால் அந்தத் தாளில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். கடையின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்து மூன்றே கேள்வி கேளுங்கள்: இன்னார் உங்களிடம் வருகிறாரா? தனிநபர் அனுப்பினால் வாங்குவீர்களா, டீலரிடமிருந்து வந்தால் மட்டுமா? கட்டணம் எவ்வளவு?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உரிமம் இல்லாதவர்கள் அனுப்புவதை வாங்கச் சட்டம் தடுக்கவில்லை என்றாலும் பல டீலர்கள் வாங்க மறுப்பார்கள். தெரியாமல் அனுப்பிவிட்டால் பெட்டி வாசலிலிருந்தே திரும்பும்.

உரிம வகையையும் பாருங்கள். 01 என்பது டீலர், 07 உற்பத்தியாளர். 03 என்பது பழம்பொருள் சேகரிப்பாளர் உரிமம். அதில் வரையறுக்கப்பட்ட பழைய துப்பாக்கிகளை மட்டும்தான் நேரடியாக வாங்க முடியும். புதிய மாடல் ஒன்றை 03 உரிமம் உள்ளவர் வீட்டுக்கு அனுப்புவது சட்டமீறல்.

## 5. வாங்குபவரின் மாநிலம்

உங்கள் மாநிலத்தில் சாதாரணமாக இருப்பது அங்கே தடைசெய்யப்பட்டிருக்கலாம். முதலில் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கும் கூடு. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் ஆகியவற்றில் வரம்பு 10 ரவை (தோட்டா), கொலராடோவில் 15. வரம்பு தாண்டிய மேகசினை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கேற்ப விலையைக் குறையுங்கள், அல்லது அந்த மாநிலத்துக்கு விற்காதீர்கள்.

கலிஃபோர்னியா தனி உலகம். கைத்துப்பாக்கிகளுக்கு அனுமதிப் பட்டியல் உண்டு, 10 நாள் காத்திருப்பு உண்டு, வெளிமாநில டீலர் அனுப்பும் முன் மாநில நீதித்துறையிடம் ஒப்புதல் எண்ணும் வாங்க வேண்டும். இல்லினாய் என்றால் வாங்குபவரிடம் துப்பாக்கி உரிமையாளர்களுக்கென மாநிலம் தரும் அடையாள அட்டை இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நாமே படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம். வாங்குபவரின் டீலரிடம் மாடல் பெயரையும் மேகசின் அளவையும் சொல்லி, "இது உங்களுக்கு வரலாமா?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

## 6. பணம்

பணம் உறுதியாகும் வரை துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் இருக்க வேண்டும். டீலர் கடையில்கூட வைக்காதீர்கள். ஏன் என்று 7-ஆம் படியில் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்த வழி தபால் துறையின் மணியார்டர். அதை எந்தத் தபால் நிலையத்திலும் அவர்களே சோதித்துக் காசாக்கித் தருவார்கள். உள்நாட்டு மணியார்டர் ஒன்றின் உச்சவரம்பு 1,000 டாலர். ஆகவே 1,350 டாலர் ரைஃபிளுக்கு இரண்டு தாள் வர வேண்டும். ஒரே தாளில் 1,350 என்று அச்சிட்டு வந்தால் அது போலி, வேறு எதையும் பார்க்கவே வேண்டாம்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் முகம் நீர்க்குறியாகத் திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். அதற்கு வலப்பக்கம், தாளுக்குள் நுழைந்து வெளிவருவதுபோல ஒரு இழை நெடுக ஓடும், அதில் தபால் துறையின் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் இருக்கும். தொகை இரண்டு இடத்தில் அச்சாகியிருக்கும். அதைச் சுற்றி நிறம் வெளுத்திருந்தால் யாரோ அழித்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒருமுறை வந்த தாளில் ஃபிராங்க்ளின் முகம் வெளிச்சம் இல்லாமலே பளிச்சென்று தெரிந்தது. அது நீர்க்குறி இல்லை, மேலே அச்சிட்ட படம். எல்லாம் சரியாகத் தோன்றினாலும் தபால் நிலையத்தில் கொடுத்து ரொக்கமாக வாங்கிய பிறகுதான் நான் அடுத்த படிக்குப் போகிறேன்.

வங்கி தன் பொறுப்பில் எழுதித் தரும் கேஷியர்ஸ் செக்கில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கணக்கில் தொகை ஏறிவிட்டது என்பதால் செக் தேறிவிட்டது என்று பொருளில்லை. வங்கி முதலில் தொகையை எடுக்கவிடும், சில வாரம் கழித்து போலி என்று தெரிந்தால் உங்கள் கணக்கிலிருந்தே திரும்பப் பிடித்துக்கொள்ளும். செக் வாங்குவதாக இருந்தால், அதை வெளியிட்ட வங்கியின் எண்ணை நீங்களே தேடி அழைத்து உறுதிசெய்யுங்கள், பிறகும் காத்திருங்கள். பேசிய தொகையைவிடக் கூடுதலாகச் செக் வந்து, "மீதியை அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டால் அது மோசடிதான்.

பணம் அனுப்பும் செயலிகளான பேபால், வென்மோ இரண்டும் துப்பாக்கிப் பரிவர்த்தனையைத் தங்கள் விதிகளில் அனுமதிப்பதில்லை. பேபால் கணக்கை முடக்கி, இருப்பை 180 நாள் வரை நிறுத்திவைக்கலாம். "நண்பருக்கு என்று போட்டு, குறிப்பில் கேம்பிங் சாமான் என்று எழுதிவிடுங்கள்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். சட்டப்படி சுத்தமான ஒரு விற்பனைக்கு ஒளித்துச் செய்த வேலையின் சாயலை நீங்களாகவே பூசுகிறீர்கள்.

ஸெல் போன்ற வங்கிப் பரிமாற்றம் நேரில் தெரிந்தவர்களுக்கு மட்டும். "உங்களுக்குப் பணம் காத்திருக்கிறது, கணக்கை மேம்படுத்துங்கள்" என்று வரும் மின்னஞ்சலைத் திறக்கவே வேண்டாம். உங்கள் வங்கிச் செயலியில் இருப்பு ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாங்குபவர் கிரெடிட் கார்டில்தான் தருவேன் என்றால், உங்கள் ஊர் டீலரே விற்பனையைத் தன் கடை வழியாக நடத்தித் தருவாரா என்று கேளுங்கள். அவருக்குக் கமிஷன் போகும், ஆனால் நிம்மதி.

## 7. யார் வழியாக அனுப்புவது

கைத்துப்பாக்கி என்றால் உள்ளூர் டீலரிடம் கொடுத்துவிடுங்கள், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். தனிநபர் கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்புவதற்கு 1927-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. யுபிஎஸ், ஃபெடெக்ஸ் ஆகிய தனியார் கூரியர்கள் இரண்டும் தங்களோடு ஒப்பந்தம் செய்த உரிமதாரர்களிடம் மட்டுமே துப்பாக்கி வாங்குகின்றன. கவுன்டரில் "மெஷின் பார்ட்ஸ்" என்று சொல்லி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். பெட்டி தொலைந்தால் காப்பீடு ஒரு காசு தராது, அதற்கு மேல் வரும் சட்டச் சிக்கல் வேறு.

ரைஃபிளையும் ஷாட்கன்னையும் தனிநபர் தபால் துறை வழியாக எந்த மாநில டீலருக்கும் அனுப்பலாம். கவுன்டரில் இருப்பவருக்கே இது தெரியாமல் மறுப்பதுண்டு. தபால் துறையின் வெளியீடு 52-இல் துப்பாக்கி பற்றிய பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். வாக்குவாதம் வேண்டாம், தாளைக் காட்டி மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள்.

டீலர் வழியாக அனுப்பும்போது புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று: நீங்கள் கொடுத்ததும் அவர் தன் பதிவேட்டில் ஏற்றிவிடுவார். அதன்பின் பேரம் முறிந்து "என் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுங்கள்" என்றால், உங்கள் துப்பாக்கிக்கே நீங்கள் 4473 நிரப்பி, சோதனை முடித்துத்தான் வாங்க வேண்டும். அவர் வீம்புக்குச் செய்யவில்லை, சட்டம் அப்படி. பணத்தைக் கையில் வாங்காமல் டீலர் வாசலை மிதிக்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

## 8. பேக்கிங்

மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைப் பின்னால் இழுங்கள், சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். வீட்டில் இன்னொருவரை அழைத்து அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். நூறு முறை செய்தவருக்கும் இது பொருந்தும்.

ரவை ஒன்றுகூட அந்தப் பெட்டியில் போகக் கூடாது. தபால் துறை ரவையைச் சுத்தமாக ஏற்பதில்லை. மற்ற நிறுவனங்கள் வாங்கினாலும் தனிப் பெட்டியாக, தனி விதியின்படிதான். "இரண்டு டப்பா ரவை இலவசம்" என்று விளம்பரத்தில் எழுதிவிட்டுப் பிறகு முழிப்பதைவிட எழுதாமலே இருப்பது மேல்.

ரைஃபிளின் போல்ட்டைத் தனியே எடுத்து, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வையுங்கள். குழலுக்குள்ளும் வெளியிலும் லேசாக எண்ணெய். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், ஈரத்தை உறிஞ்சித் துருவேற்றும். மலிவான கடினப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, அதை வெற்று அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். குழல் வாய்ப் பக்கம் நாலைந்து அடுக்கு தடித்த அட்டையை வெட்டிச் செருகுங்கள். பெட்டி செங்குத்தாக விழுந்தால் ரைஃபிளின் மொத்த எடையும் அந்த முனையில்தான் இறங்கும், பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு குழல் வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டிய பிறகு குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

உள்ளே ஒரு தாள் வேண்டும்: உங்கள் பெயர், முகவரி, ஓட்டுநர் உரிமத்தின் பிரதி, துப்பாக்கியின் தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், வாங்குபவரின் பெயர், தொலைபேசி. யாரிடமிருந்து வந்தது என்று டீலர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். தாள் இல்லாத பெட்டி வாரக்கணக்கில் அலமாரியில் கிடக்கும், வாங்குபவரோ உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வெளியே துப்பாக்கி என்று காட்டும் எதுவும் வேண்டாம். துப்பாக்கி நிறுவனத்தின் பெயர் போட்ட பழைய பெட்டியைத் திரும்பப் பயன்படுத்துவது திருடனுக்கு அழைப்பிதழ் வைப்பது போல. டீலரின் கடைப் பெயரிலேயே 'கன்ஸ்' என்று இருந்தால், லேபிளில் எப்படி எழுதலாம் என்று அவரிடமே கேளுங்கள். முழு மதிப்புக்குக் காப்பீடும், பெரியவர் கையொப்பமிட்டு வாங்கும் சேவையும் கட்டாயம் எடுங்கள்.

## 9. பெட்டி கிளம்பிய பிறகு

டிராக்கிங் எண்ணை அன்றே வாங்குபவருக்கும் டீலருக்கும் அனுப்புங்கள். கடை மூடியிருக்கும் ஞாயிறு, திங்களில் போய்ச் சேராதபடி வாரத் தொடக்கத்தில் அனுப்புவது என் வழக்கம்.

சோதனையின் முடிவு மூன்று விதமாக வரலாம்: அனுமதி, தாமதம், மறுப்பு. தாமதம் என்றால் மூன்று வேலைநாள் கழிந்தும் பதில் வராவிட்டால் டீலர் விரும்பினால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 21 வயதுக்குக் கீழ் என்றால் 10 வேலைநாள் வரை நீளலாம். இந்த இடைவெளியில் வாங்குபவர் பதற்றத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்பார். நடப்பது என்ன என்று பொறுமையாக விளக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மறுப்பு வந்தால் துப்பாக்கி உங்கள் ஊர் டீலருக்குத் திரும்பும், நீங்கள் 4473 நிரப்பி எடுத்துக்கொள்வீர்கள். 3-ஆம் படியில் எழுதியபடி செலவைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தை உடனே திருப்பிவிடுங்கள்.

பெட்டி தொலைந்தால் அன்றே அனுப்பிய நிறுவனத்தில் புகார், கூடவே சீரியல் எண்ணோடு காவல்துறையிலும் புகார். டீலர் அனுப்பியிருந்தால், தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஏடிஎஃப்-க்கும் உள்ளூர்க் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும்.

தனிநபர் விற்பனைக்குப் பதிவு வைக்கச் சொல்லிக் கூட்டாட்சிச் சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் வையுங்கள். ஒரு துப்பாக்கி குற்ற இடத்தில் கிடைத்தால் விசாரணை தயாரிப்பாளரிடம் தொடங்கி, மொத்த வியாபாரி, கடை என்று இறங்கி, முதன்முதலில் கடையில் வாங்கியவரிடம் வந்து நிற்கும். அது நீங்களாக இருந்தால், அதன்பின் அது எத்தனை கை மாறியிருந்தாலும் தொலைபேசி உங்களுக்குத்தான் வரும். ஒவ்வொரு விற்பனைக்கும் நான் ஒரு பழுப்பு உறை வைத்திருக்கிறேன். டீலர் உரிமப் பிரதி, 'இஸி செக்' பக்கத்தின் அச்சு, மின்னஞ்சல்கள், பண ரசீது, டிராக்கிங் சீட்டு, டீலர் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டதற்கான சான்று எல்லாம் அதில் இருக்கும். உறையின் மேல் சீரியல் எண்ணும் தேதியும் மட்டும்.